புண் ஏன் ஆறவில்லை?

புண் ஆறாவிட்டால் உடனே சர்க்கரையைப் பரிசோதிக்கிறோம். சரிதான். ஆனால், வீட்டில் யாரைப் பராமரிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் ஒஹையோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர். வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த, அந்தச் சுமை இல்லாத பெண்கள் 13 பேர். ஆய்வுக்காக எல்லோருக்கும் தோலில் 3.5 மி.மீ. அளவில் ஒரே மாதிரிக் காயம் ஏற்படுத்தினார்கள். பராமரிப்பவர்களுக்கு அது ஆற ஏறத்தாழ 9 நாள் கூடுதலாகப் பிடித்தது! புண்ணை ஆற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் இன்டர்லூகின்-1 என்ற புரதம் அவர்களின் ரத்த அணுக்களில் குறைவாகவே தூண்டப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மனஅழுத்தம் வெறும் மனப்பிரமை என்பவர்களுக்கு இது போதும்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, நினைவு தப்பிய மாமியாரை இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறார். வெளிநாட்டுக் கொழுந்தனார் தினமும் வாட்ஸ்அப்பில் பிராணாயாம வீடியோ அனுப்புகிறார். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், மறுக்கவில்லை. அந்த அரை மணி நேரம் மாமியாரோடு யார் உட்காருவது? மனத்தைப் பழக்கச் சொல்வது எளிது, சுமையில் பாதியை வாங்கிக்கொள்வதுதான் கடினம்.

மார்கழிக் கச்சேரிகளுக்காகக் கொழுந்தனார் சென்னை வருகிறாராம். இரவுமுறை முழுவதும் அவருக்குத்தான் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார்.