கடனைத் திருப்பி வாங்காதவர்கள்

எனக்கு உதவி செய்தவர்களில் பலருக்கு நான் எதையும் திருப்பிச் செய்ததில்லை. பெயர் தெரியாது, சிலருடைய முகம்கூட நினைவில் இல்லை. ரொம்ப நாள் இது மனதில் ஒரு பாரமாகவே கிடந்தது. அந்தப் பாரத்தை இறக்கிவைத்தவர், ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா.

அப்பா ஐசியூவில் இருந்தார். அண்ணன் வெளியூரிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போனில் சார்ஜ் தீரப்போகிறது. நான் கேட்கவே இல்லை, அந்த அக்கா தன்னுடைய சார்ஜரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். முனை பிய்ந்துவிடாமல் இருக்க ஒயரில் நீல நூலை இறுக்கிச் சுற்றியிருந்தது. மறுநாள் அவர் கிளம்பும்போது திருப்பி நீட்டினேன். "நீயே வச்சுக்கோ. எனக்கும் இதே வாசல்ல ஒரு தம்பி கொடுத்துட்டுப் போனதுதான். நீ போறப்ப யாருக்காவது கொடுத்துடு" என்றார்.

அப்படியே கொடுத்தேன். நூல் சுற்றியது யார் என்று அந்த அக்காவுக்கும் தெரிந்திருக்காது.

1784-இல் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய ஒரு கடிதத்திலும் இதே விஷயம்தான். பணமுடையில் இருந்த ஒருவருக்கு 10 லூயி (அன்றைய பிரெஞ்சுத் தங்க நாணயம்) தொகையை அனுப்புகிறார். இது தானம் இல்லை, கடன்தான் என்கிறார். ஆனால் தனக்குத் திருப்பித் தர வேண்டாமாம். இதேபோல் கஷ்டப்படும் நேர்மையான இன்னொருவரைப் பார்த்தால் அவருக்குக் கொடுத்து அடைத்துவிட வேண்டும், அவரும் அப்படியே செய்ய வேண்டும். கொஞ்சப் பணத்தில் நிறைய நல்லது செய்ய இது தன்னுடைய தந்திரம் என்றும் எழுதியிருக்கிறார். வாங்கியவரின் மானம் இதில் கெடவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சார்ஜரும் காசும் சரி, சிறுநீரகம்? 2007-இல் அமெரிக்காவில் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் கணவர் மனைவிக்குக் கொடுக்கத் தயாராக இருந்தும் பொருந்தவில்லை. அதனால் அவர் வேறொருவருக்குக் கொடுத்தார். அந்த வேறொருவரின் சொந்தம் இன்னொருவருக்கு. 2009-இல் மருத்துவ இதழில் வெளிவந்தபோது அந்தச் சங்கிலி 10 சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகளைத் தொட்டிருந்தது. நான் யோசிப்பது அந்தக் கணவரைத்தான். மனைவிக்குக் கிடைத்தாயிற்று. கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாராலும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. ஆனாலும் போய்ப் படுத்தார்.

ஃபௌலர், கிறிஸ்டாகிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முன்பின் அறியாதவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து பொதுப்பணத்துக்குத் தங்கள் பங்கைப் போடும் விளையாட்டு; ஒவ்வொரு சுற்றிலும் குழு மாறிவிடும். ஒருவர் தாராளமாகப் போட்டதன் விளைவு, அவரைச் சந்தித்தே இராத மூன்றாவது ஆள் வரை போனது. கஞ்சத்தனமும் அப்படியே பரவியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடுகடுப்பாகப் பேசிவிட்டுப் போகிறவர்களும் எதையோ கைமாற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

அதனால் யாராவது "இதுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால், "அட, ஒண்ணும் வேண்டாம்" என்று நான் இப்போது சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அவர்கள் மனதில் அந்தப் பாரம் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்து யாருக்குச் செய்யலாம் என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தபோதும், அடுத்து வருகிறவருக்கு நீ சொல்லிக்கொடு என்றுதான் சொன்னேன். அவள் ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதுவரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லாமல் விட்டதும் அதில் இருக்கிறது.