ஹிஃப்ழும் பத்தாம் வகுப்பும்: மகனுக்குப் பள்ளி தேடிய அனுபவம்

மகன் ஹாஃபிழாக வேண்டும், அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும் (அந்தப் படிப்புதான் ஹிஃப்ழ்). பத்தாம் வகுப்பும் கெடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே பள்ளி தேடிய கதையைப் பலரும் கேட்பதால் எழுதிவிடுகிறேன். நாங்கள் திருச்சிப் பக்கம்.

எங்கள் காலத்தில் சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் மக்தபில் ஓதிவிட்டு ஸ்கூலுக்கு ஓடுவோம். இப்போது வேன் ஏழு மணிக்கே வாசலில் ஹாரன் அடிக்கிறது, மக்தபுக்கு நேரம் ஏது? அந்தக் காலி இடத்தைத்தான் 'இஸ்லாமியச் சூழலில் தரமான கல்வி' என்ற பலகைகள் பிடித்திருக்கின்றன.

போன இடத்திலெல்லாம் முதலில் காகிதங்களைக் கேட்டேன். அங்கீகாரம் எந்த வகுப்பு வரை? ஹிஃப்ழ் பிள்ளைகளின் பெயர் ஸ்கூல் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா? எமிஸ் எண் (அரசின் மாணவர் பதிவு எண்) உண்டா? சில இடங்களில் ஸ்கூல் படிப்பையே நிறுத்திவிட்டு, 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கிறார்கள். அது செல்லும் வழிதான். ஆனால் நடுவில் கணக்கை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டால் பதில் வரவில்லை.

ஓரிடத்தில் ஸ்கூல் ஒரு பெயரில், மாடியில் நடக்கும் ஹிஃப்ழ் பிரிவு மத்ரஸாவாக இன்னொரு பெயரில். ரசீதும் இரண்டு. இது சின்ன விஷயமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்கிறது. 2012 திருத்தம் மத்ரஸாக்களை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. கீழ்த்தளத்தில் அடித்தால் கேட்கும் சட்டம் மாடிக்கு ஏறாது. "உஸ்தாத் (ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்) கையில் கம்பு இருக்குமா?" என்று நேராகவே கேட்டேன். நிர்வாகி சிரித்து மழுப்பினார். வந்துவிட்டேன்.

அரபி விஷயத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம். அரபி விருப்பப் பாடமாக இருக்கலாம், பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணில் அது சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அரபியால் மார்க் ஏறும்" என்று யாராவது சொன்னால் இப்போதைய விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவனை ஒரு சிறிய பள்ளியில் சேர்த்தோம். கட்டடம் சுமார், கழிப்பறை சுத்தம். சுபுஹுக்குப் பிறகு ஸபக், அதாவது அன்றைய புதுப்பாடம். பிறகு முந்தைய நாட்களின் பாடம். ஒன்பதரைக்கு ஸ்கூல். தமிழ், ஆங்கிலம், கணக்கு தினமும் உண்டு, மற்றவை குறைவு. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பழைய ஜுஸ்வுகள், அதாவது குர்ஆனின் 30 பாகங்களில் ஏற்கெனவே மனப்பாடம் செய்தவை. 30 ஜுஸ்வையும் மனப்பாடம் செய்வதைவிட அதை மறக்காமல் வைத்திருப்பதுதான் பாடு. பின்னால் மனப்பாடமானது ஏற ஏற, முன்னால் ஓதியது நழுவும். சில மாதங்கள் புதுப்பாடமே இல்லாமல் திருப்பி ஓதுவதிலேயே போயின. அப்போது பயப்பட வேண்டாம்.

அங்கே அக்லாக்குக்கு, அதாவது நல்லொழுக்கத்துக்கு, தனிப் புத்தகமும் பரீட்சையும் இருந்தன. 'உண்மை பேசுதல்' பாடத்தில் மகன் நல்ல மார்க் வாங்கினான். வாங்கிய வாரமே ஓதாத ஜுஸ்வை ஓதிவிட்டதாக, ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் பொய்யும் சொன்னான்! அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "ஓதலைன்னா ஓதலைன்னு சொல்லுப்பா, சேர்ந்து ஓதுவோம்" என்றிருக்கிறார். அப்புறம் வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. கணக்கில் ஃபெயில் என்றால் பேப்பரை ஒளிக்காமல் கொண்டுவந்து நீட்டுவான். கம்புக்குப் பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது பொய்தான். அதனால் பள்ளி தேடுகிறவர்களிடம், அக்லாக் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் கம்பைப் பற்றிக் கேளுங்கள் என்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் பின்தங்கியிருந்தன. டியூஷன் வைத்துச் சரிக்கட்டினோம். பத்தாம் வகுப்பு நல்லபடியாக முடிந்தது. இப்போது பதினொன்றாம் வகுப்பு, காலை ஆறு மணிக்கு நீட் கோச்சிங் வந்து நிற்கிறது. சுபுஹுக்குப் பிறகு ஓதிவந்த ஒரு ஜுஸ்வை மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாற்றியிருக்கிறோம். தூக்கம்தான் இடிக்கிறது.