பனிப்புயல் வருகிறது என்றால் சென்டிமீட்டரைப் பார்க்காதீர்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் நம்மவர் கூடும் இடமெல்லாம் ஒரே விசாரணைதான்: "நாளைக்கு எத்தனை சென்டிமீட்டராம்?" வானிலை அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது அந்த எண்தான். ஆனால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று. மைனஸ் 12 டிகிரியில், காற்றில்லாமல் 20 சென்டிமீட்டர் பனி கொட்டினால் அது அரிசி மா மாதிரி உதிர்ந்து கிடக்கும். வழிக்கும் வண்டிகள் இரண்டு சுற்று வந்தால் நெடுஞ்சாலை ஓடத் தொடங்கிவிடும். அதுவே மைனஸ் 1 டிகிரியில் சில மில்லிமீட்டர் உறைமழை பெய்தால் நகரமே கட்டிப்போட்டதுபோல நின்றுவிடும். வெப்பநிலை, காற்று, எந்த மணியில் வருகிறது: இந்த மூன்றையும் பார்த்த பிறகு சென்டிமீட்டருக்கு வரலாம்.

தமிழில் மார்கழிப் பனியும் பனிதான், ஸ்னோவும் பனிதான், ஐஸும் பனிதான். இங்கே பனி என்றால் ஸ்னோ. உறைமழை என்பது ஃப்ரீசிங் ரெயின்.

உறைமழை எப்படி உண்டாகிறது? மேலே இருந்து விழும் பனி, நடுவே இருக்கும் ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கில் உருகி மழைத்துளியாகிறது. தரையை ஒட்டி ஒரு மெல்லிய குளிரடுக்கு. அதைக் கடக்கும் நேரத்துக்குள் துளி உறைந்து முடியாது. சுழியத்துக்குக் கீழே குளிர்ந்த நீராகவே வந்து, தொட்ட இடத்தில் கண்ணாடிபோல ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குளிரடுக்கு கொஞ்சம் தடித்திருந்தால் துளி வழியிலேயே உறைந்து ஐஸ் மணிகளாகத் தரையில் துள்ளும். அது தொல்லைதான், ஆனால் டயருக்கு ஏதோ பிடி கிடைக்கும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓரிரு டிகிரி வித்தியாசம். முன்னறிவிப்பு கடைசி நேரத்தில் மாறுவது இதனால்தான்; அதற்காக வானிலைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை.

1998 ஜனவரி 5 முதல் 10 வரை கிழக்கு ஒன்ராறியோவிலும் தென் கியூபெக்கிலும் இதுதான் நடந்தது. மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு உறைமழை. உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் எஃகுக் கோபுரங்கள் ஐஸின் பாரத்தில் மடிந்தன. சில ஊர்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருண்டன. நத்தார் நாளிலும் பல வீடுகளில் ஹீட்டர் ஓடவில்லை.

இந்த நாளில் உப்பை நம்பிப் போவதும் ஆபத்து. சாலையில் போடும் சாதாரண உப்பு சுழியத்தை ஒட்டி நன்றாக வேலை செய்யும். மைனஸ் 10ஐத் தாண்டினால் மிக மெதுவாகத்தான் கரைக்கும். பனிக்கு முன்பே சாலையில் கோடு கோடாகத் தெளிக்கும் உப்புக் கரைசல் மழையோடு தொடங்கும் புயலில் கழுவிக்கொண்டு போய்விடும். முதலில் உறைபவை பாலங்களும் நெடுஞ்சாலை ஏறுபாதைகளும்: அவற்றுக்கு மேலும் கீழும் குளிர்காற்று, சூட்டைத் தேக்கிவைக்க அடியில் மண் இல்லை. வீட்டு வாசலில் உப்பை ஐஸ் பிடிப்பதற்கு முன்பே தூவுங்கள். நடைபாதையின் பத்துக் கட்டங்களுக்கு ஒரு பெரிய காபிக் குவளை நிறைய இருந்தால் போதும். மூட்டையைக் கவிழ்ப்பதால் சீக்கிரம் கரையாது, புல்தான் கருகும். கார்க் கண்ணாடியில் வெந்நீர் ஊற்ற வேண்டாம். கண்ணாடி விரிசல் விடும்.

அடுத்தது காற்று. கனடிய வானிலைத் துறை ஒன்றைப் பனிப்புயல் என்று அறிவிக்க எத்தனை சென்டிமீட்டர் என்று பார்ப்பதே இல்லை. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல், பார்வை 400 மீட்டர் அல்லது அதற்குள், குறைந்தது 4 மணிநேரம். ஏற்கனவே தரையில் கிடக்கும் பனி கிளம்பினாலே இந்தக் கணக்கு நிறைந்துவிடும்.

2022 டிசம்பர் 23 அன்று அமெரிக்க எல்லை நகரமான பஃபலோவில் தொடங்கியது இதன் உச்சம். ஈரீ ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறக்குறைய 390 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் முனையில் பஃபலோ. நீளவாக்கில் வீசும் குளிர்காற்று உறையாத ஏரிமேல் அத்தனை தூரமும் ஈரத்தையும் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு வந்து நகரத்தின்மேல் கொட்டும். நீர்ப்பரப்புக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் இந்த ஏரிப்பனி இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். அந்தமுறை விமான நிலையத்தில் 130 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் காருக்குள், பலர் நடந்து போகும்போது, சிலர் சூடில்லாத வீட்டில். வாகனத் தடை நடைமுறைக்கு வந்தது காலை ஒன்பதரை மணிக்கு. அதற்குள் வேலைக்குப் புறப்பட்டவர்கள் பாதி வழியில். எந்த மணியில் வருகிறது என்று பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

ரொறன்ரோவிலிருந்து மலிவு டிக்கெட்டுக்காக பஃபலோ போய் விமானம் ஏறுகிறவர்களும், 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே பாரி பக்கம் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஏரிப்பனி குறுகிய பட்டையாக வரும். வெயிலில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், ஒரு கிலோமீட்டருக்குள் முன்னால் போகும் வண்டி மறைந்துவிடும். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு எரிபொருள் நிலையத்தில் காத்திருங்கள். சாலையோரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவர் உங்கள்மேல்தான் ஏறுவார். ஹெட்லைட்டைக் கையால் போடுங்கள். பழைய கார்களில் பகல் விளக்கு முன்னால் மட்டும் எரியும், பின்விளக்கு இருண்டிருக்கும். 2021 செப்டெம்பருக்குப் பின் கனடாவில் விற்க உருவான வண்டிகளில்தான் இந்தக் குறை சட்டப்படி தீர்ந்தது.

சிக்கிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். முதல் வேலை புகைக்குழாய் வாயைப் பனியிலிருந்து விடுவிப்பது. பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, காற்று வராத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். புகைக்குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். வாசனையே இருக்காது, தூக்கம்தான் வரும். டாங்க் எப்போதும் பாதிக்கு மேல். கம்பளி, மண்வெட்டி, போன் சார்ஜர், மைனஸ் 40க்கான வாஷர் திரவம்: இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

டயர் பற்றி ஒரு சொல். ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். மூன்று சிகர மலையும் பனிப்பூவும் பொறித்த டயரை நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டி என்ற தைரியம் புறப்படுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

விமானத்தில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இறக்கை கழுவல். முதலில் ஆரஞ்சு நிறச் சூடான கிளைகோல் கலவையால் ஒட்டியிருப்பதைக் கரைப்பார்கள். பிறகு பச்சை நிறக் கெட்டித் திரவம், புதிதாக ஒட்டாமல் இருக்க. இந்தப் பூச்சு எத்தனை நிமிடம் தாங்கும் என்று அட்டவணை இருக்கிறது: லேசான பனியில் பச்சைத் திரவம் ஒரு மணிநேரத்தைத் தாண்டலாம், மிதமான பனியில் ஆரஞ்சு மட்டும் என்றால் பத்து நிமிடமளவில் முடிந்துவிடும். மிதமான, கனத்த உறைமழைக்கு அட்டவணையில் எண்ணே கிடையாது. அப்போது எந்த விமானமும் கிளம்ப முடியாது. 1989 மார்ச் 10இல் ஒன்ராறியோவின் டிரைடனில் இறக்கையில் பனியோடு கிளம்பிய விமானம் விழுந்து 24 பேர் இறந்தார்கள். அந்த விசாரணைக்குப் பிறகுதான் கனடாவில் இந்த விதிகள் இறுகின. கழுவும் இடத்தில் ஒரு மணிநேரம் நின்றால் எரிச்சல்படாதீர்கள்.

"பனி நின்று வெயில் அடிக்கிறது, ஏன் ரத்து?" விமானம் வேறு ஊரில் நிற்கிறது, அல்லது பணிக்குழுவின் வேலைநேர வரம்பு தீர்ந்துவிட்டது. வானிலையால் ரத்தானால் கனடிய விதிப்படி இழப்பீடு இல்லை, சாப்பாடும் விடுதியும் கட்டாயமில்லை. ஆனால் 48 மணிநேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் இடம் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். "வவுச்சர் தருகிறோம்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம்.

குளிர்காலம் சூடாகிறது என்றால் இதெல்லாம் குறையும் என்று நினைப்பது இயல்பு. சுழியத்தை ஒட்டிய நாள்கள் கூடுவதுதான் தொல்லை. ஜனவரியிலும் மழை, மறுநாள் உறைவு. ஏரி உறைந்தால் ஏரிப்பனி அடங்கும், உறையாவிட்டால் அடங்காது. ஈரீ உள்ளிட்ட ஐந்து பேரேரிகளின் ஐஸ் ஓர் ஆண்டின் உச்சத்தில் சராசரியாகப் பாதிப் பரப்புக்குச் சற்று மேல் மூடும். 2014இல் அது 90 விழுக்காட்டைத் தாண்டியது. 2020இல் 20 விழுக்காட்டுக்குள் நின்றது, 2024இல் அதற்கும் கீழே. ஆழம் குறைந்த ஈரீ ஏரி முதலில் உறையும், அதனால் ஜனவரிக் கடைசியில் பஃபலோ பாதை பாதுகாப்பு என்பது பழைய கணக்கு. இனி டிக்கெட் எடுக்குமுன் மிச்சிகனின் ஆன் ஆர்பர் ஆய்வகம் நாள்தோறும் வெளியிடும் ஐஸ் வரைபடத்தைப் பாருங்கள். ஈரீயை ஐஸ் மூடாமல் இருந்தால் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலிருந்தே ஏறுங்கள்.