மாலை ஐந்து மணிவரை பொறுக்கும் கவலை

மாரடைப்புக்குப் பிறகு கிளினிக்கில் தாதி ஒரு வினாத்தாளைத் தந்தார். மொத்தம் 14 கேள்விகள்: பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7. ஒவ்வொரு பகுதிக்கும் 21 புள்ளிகள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். உடல் களைப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இதய நோயாளிக்குக் களைப்பு எப்படியும் இருக்கும், அதை வைத்து மனத்தை அளக்கக் கூடாது என்பதுதான் காரணமாம். எனக்கு இரண்டிலும் எல்லை தாண்டியது.

உளவளத்துணைக்கு எழுதித் தந்ததும் மனைவி, “உங்களுக்கென்ன விசரா?” என்றாள். மச்சான் கோவிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினார். கட்டிக்கொண்டேன், அது ஒன்றுக்கும் இடைஞ்சல் இல்லை.

‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள் என நினைத்துப் போனேன். அந்த உளவளத்துணையாளரோ, “நாடியைப் பிடித்துப் பார்ப்பதால் மாரடைப்பு தள்ளிப்போகுமா ஐயா?” என்று கேட்டார். இரவு பகலாக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பதில் சொல்ல முடியவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் வகுத்த முறை இது என்றார். இங்கிலாந்தில் இதய மறுவாழ்வுக்கு வந்தவர்களிடம் குழுவாகப் பரிசோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வழக்கமான மறுவாழ்வு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் அதிகம் குறைந்தனவாம்.

எண்ணம் வந்தால் விரட்டவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. மாலை ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, கவலையை அதுவரை தள்ளிவைக்க வேண்டும். ஐந்து மணிக்குக் குந்தியிருந்தால் பாதிக் கவலை நினைவுக்கே வராது! இன்னொரு பயிற்சி, காதுக்கு: மின்விசிறி, காகம், கல்லடிப் பாலத்துப் பஸ் என்று ஒவ்வொரு சத்தமாக மாறி மாறிக் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பது. துடிப்பு எண்ணும் கைக்கடிகாரம் வாங்கித் தர மருமகன் வந்தார், வேண்டாம் என்றேன்.

உண்மையான நெஞ்சு வலி மட்டும் ஐந்து மணிவரை காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்து நாக்கின் கீழ் மாத்திரை, ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழைப்பு: இது இதய வைத்தியர் எனக்குச் சொன்ன விதி. இந்த விதி கையில் இருந்ததால்தான் மற்றதைத் தள்ளிவைக்கத் துணிந்தேன்.

பதற்றம் முதலில் இறங்கியது. சோர்வு லேசில் போகவில்லை. அதற்கு மாத்திரையும் தந்தார்கள். அந்த வகையில் சில மாத்திரைகள் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியவை என்பதால் இதய வைத்தியரிடமும் கிளினிக் கொப்பியைக் காட்டினேன். கூடவே, மனம் வந்தாலும் வராவிட்டாலும் பேத்தியைப் பின்னேர வகுப்புக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாயிற்று. வகுப்பு நாலரைக்கு முடியும். அவள் கடலை வாங்காமல் வீடு வரமாட்டாள், ஐந்து மணி சில நாள் தவறிவிடுகிறது.