படிவத்தில் பேட்டரிக்குக் கட்டமே இல்லை

எங்கள் மின் லாரி சார்ஜிங் நிலையத்துக்கு ஒருவழியாக இறுதி ஒப்புதல் வந்துவிட்டது. பேனல் பதித்து, கேபிள் இழுத்து, சார்ஜர் நிறுத்தியதெல்லாம் ஆறே வாரம். காகித வேலைதான் ஏழு மாதம் இழுத்தது.

400 கிலோவாட் சோலார், 1,000 யூனிட் பிடிக்கும் பேட்டரி கன்டெய்னர், 240 கிலோவாட் சார்ஜர் இரண்டு. லாரிகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வருகின்றன, அதனால் பேட்டரி இல்லாமல் முடியாது. கிரிட்டில், அதாவது மின்வாரிய லைனில், 150 கிலோவாட் மட்டும் கேட்டிருந்தோம்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. "ரெண்டு சார்ஜரும் சேர்ந்தா 480 வருதே, 150 எப்படிப் போதும்? புது டிரான்ஸ்பார்மர் போடுங்க" என்றார் எழுத்தர். மீதியைப் பேட்டரி கொடுக்கும் என்றேன். படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சோலாருக்குக் கட்டம் இருந்தது, டீசல் ஜெனரேட்டருக்கும் இருந்தது. பேட்டரிக்கு இல்லை. அதிலேயே நான்கு மாதம் போய்விட்டது. கடைசியில் பொறியாளர் ஒருவர்தான் வழி சொன்னார்: கிரிட்டிலிருந்து 150-க்கு மேல் இழுக்காதபடி கன்ட்ரோலர் தடுக்கும், பேட்டரி இறங்கினால் சார்ஜர்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும் என்று சார்ஜர் தயாரிப்பாளரிடம் கையெழுத்துடன் கடிதம் வாங்கி வரச் சொன்னார். நீங்கள் அதை முதல் நாளே விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

அடுத்து இன்வெர்ட்டர் சான்றிதழ். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் லைனுக்கு மின்சாரம் அனுப்புவதை நிறுத்திவிடும் என்பதற்கான சோதனைச் சான்று அது. லைன்மேன் உயிர் சம்பந்தப்பட்டது, கேட்பது நியாயம். ஆனால் மாடல் எண்ணில் கடைசி எழுத்து வரைபடத்தில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று. அலுவலகத்துக்குப் போன அன்றைய நாள் வீண். கிளம்பும் முன் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரிய அடி சோதனை ஓட்டத்தில். உச்சி வெயில், லாரி சார்ஜில் நிற்கிறது, சோலார் உற்பத்தியோ இறங்கிக்கொண்டே போகிறது. சட்டென்று மெயின் பிரேக்கர் விழுந்தது. "அண்ணே, 31 சதவீதத்துலயே நின்னுடுச்சு" என்று டிரைவர் ஓடி வந்தார். எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் பேனலைத் திறந்து டார்ச் அடித்தார். கிரிட் கேபிளைச் சுற்றியிருந்த, மின்னோட்டத்தை அளக்கும் சிடி வளையத்தில் நகக்கண் அளவு அம்புக்குறி, எதிர்த்திசையில். நாங்கள் கிரிட்டிலிருந்து இழுப்பதை, வெளியே அனுப்புகிறோம் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டு, அதைத் தடுக்க சோலாரைக் குறைத்திருக்கிறது; குறையக் குறைய கிரிட்டிலிருந்து இழுப்பது ஏறி பிரேக்கர் விழுந்திருக்கிறது. திருப்பி மாட்ட பத்து நிமிடம்.

இன்னொன்று. பேட்டரியில் போட்டதெல்லாம் திரும்பி வராது, நூற்றுக்குப் பத்து பதினைந்து கழிந்துவிடும். நல்ல வெயிலில் நாளுக்கு 1,600 யூனிட், லாரிக்கு 200, ஆக எட்டு லாரி என்று கணக்குப் போட்டிருந்தோம். இப்போது ஏழு என்றுதான் சொல்கிறோம், மழைக்காலத்தில் அதுவும் குறையும்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு வந்த லாரி 22-லிருந்து 80 சதவீதம் ஏறும்வரை மீட்டர் பக்கத்திலேயே நின்றேன். கிரிட் 12 கிலோவாட்டைத் தாண்டவே இல்லை.