வலையில் எண்ணாத பந்துகள்

வாழப்பாடி கிரிக்கெட் மைதானத்துப் பயிற்சி வலையில் இன்று ஒரு பையன். முக்கால் மணி நேரம் பேட்டிங். கால்பேடைக் கழற்றின கையோடு வேகப்பந்து.

நாலாவது ஓவரில் முன்கால் கிரீஸ் கோட்டைத் தாண்டி விழ ஆரம்பித்தது. இடுப்பு ஒருபக்கம், தோள் ஒருபக்கம்.

பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்யும் இளம் ஆல்ரவுண்டர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது இப்படித்தான். எலும்பு இன்னும் முற்றவில்லை, காலோ களைத்துவிட்டது.

மேட்சில் போட்ட ஆறு ஓவர் ஸ்கோர் நோட்டில் இருக்கும். வலையில் போட்ட எழுபது பந்து எங்கே இருக்கு? தனி நோட்டு போட்டு எழுதுங்கப்பா. பந்து எண்ணிக்கையை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்காதீங்க.

நம்ம சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2015இல் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைக்கு வந்ததும் பந்துவீச்சு முறை மீது புகார். அதைத் திருத்திக்கொண்டு, 2020 டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். நடுவில் ஏறக்குறைய ஆறு வருஷம்! அவசரம் வேண்டாம்.

நாளையிலிருந்து அந்தப் பையன் முதலில் பந்து போடட்டும். கால்பேட் அப்புறம் கட்டிக்கலாம்.