440 அடியில் நிறுத்தச் சொன்னேன்

"அப்ப நான் எதுக்குத் தம்பி வேண்டிக்கிட்டு நிக்கிறேன்?" என்று, போர்வெல் போட என்னைக் கூப்பிட்டிருந்த ஆச்சி கேட்டார். கோபமோ கிண்டலோ அதில் இல்லை. பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

போர்வெல் வேலையில் இருப்பவர்களுக்கு இடத்தை விவரிக்க வேண்டியதில்லை. திருப்பத்தூர்ப் பக்கம். மேலே கொஞ்சம் சரளை, கீழே கெட்டிப் பாறை. சம்பை ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த காரைக்குடிக்காரர்களுக்கு, கொஞ்சம் மேற்கே போனாலே பூமி இப்படி மாறிவிடும் என்பது நம்பக் கஷ்டம். ரெசிஸ்டிவிட்டி (பூமிக்குள் மின்சாரம் விட்டு மின்தடையை அளப்பது) பார்த்ததில் 250 அடிக்கும் 400 அடிக்கும் நடுவே பாறையில் தண்ணீர் நிற்கும் வெடிப்பு இருக்கலாம் என்று தெரிந்தது. அதற்குக் கீழே மின்தடை ஏறிக்கொண்டே போனது, அதாவது வெறும் கெட்டிப் பாறை. ஆச்சி காட்டிய இடமும் அதை ஒட்டித்தான் இருந்தது. ஒரு நாவல் மரம், பக்கத்தில் கரையான் புற்று. "எங்க ஐயா சொல்லுவாக, நாவலும் புத்தும் சேந்திருந்தா கீழ தண்ணி உண்டுன்னு" என்றார். 6-ஆம் நூற்றாண்டில் வானியல் அறிஞர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதிலும் நாவல் மரமும் புற்றும் சேர்ந்து வருகின்றன. எந்த மரம், எந்தத் திசை, எத்தனை முழம் தள்ளி, எத்தனை ஆள் ஆழம் என்று பெரும்பாலும் கணக்காகவே எழுதியிருக்கிறார். ஆக, இடத்தைப் பற்றி எனக்கும் ஆச்சிக்கும் ஒரு வேறுபாடும் இல்லை.

ஓலைக் கொட்டானில் ஆச்சி பூசைச் சாமான் கொண்டுவந்திருந்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, துளை போடும் ரிக் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி ஆரம்பித்தோம். 400 அடி வரைக்கும் ஈரம் தட்டவில்லை. ஆச்சி சொன்னதற்காக இன்னும் இரண்டு ராடு (துளையில் இறக்கும் இருபது அடிக் குழாய்) விட்டோம். 440 அடியில் டிரில்லர் ஒரு கை பவுடரை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். வெளிர்ச் சிவப்புப் பொடி, நடுநடுவே கூரான சில்லு. விரலால் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம்கூட ஒட்டவில்லை. வாசலில் இருந்த பிள்ளையார் மேல் புழுதி படிந்து மஞ்சள் நிறமே தெரியவில்லை.

"நிறுத்திரலாம் ஆச்சி" என்றேன்.

"இன்னும் ரெண்டு ராடு விடச் சொல்லுங்க தம்பி. பிள்ளையார்பட்டிக்கு வேண்டியிருக்கேன்."

"கீழ வெடிப்பு இருக்கிறதும் இல்லாததும் என்னைக்கோ முடிவான விசயம் ஆச்சி. நாம இப்ப வேண்டிக்கிறதால அது மாறாது."

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மனசுக்கு ஒரு தைரியம்தான் ஆச்சி" என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிரில்லரிடம், "சரி, நிறுத்துங்கப்பா" என்றார்.

நிறுத்தியது சரி. இதை நான் யாரிடமும் சொல்வேன். 300 அடிக்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் அடி ரேட்டு ஏறுகிறது. அது ஆச்சி வளையலை அடகு வைத்து எடுத்த பணம். என்னிடம் இருந்த கிராஃபும் என் கையில் இருந்த பவுடரும் ஒன்றையேதான் சொல்லின. அதன் மேல்தான் முடிவெடுக்க முடியும். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் அற்புதங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஓர் இந்திய இளவரசர் வருகிறார். குளிரில் தண்ணீர் உறைந்து கெட்டியாகும் என்று முதன்முதலில் கேட்டபோது அவர் நம்ப மறுத்தார். உறைபனி உண்மைதான். ஆனாலும் அவர் தன் அனுபவத்தை வைத்து முறையாகத்தான் யோசித்தார் என்கிறார் ஹியூம். 460 அடியில் தண்ணீர் இருந்திருந்தால்கூட நான் அந்த இளவரசரைப் போல முறையாகத்தான் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும். அப்படிச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

ஆனால் ஆச்சி ரேட்டைப் பற்றிக் கேட்கவில்லையே. இரண்டு ராடு விடுவதா வேண்டாமா என்பதற்கு நான் சொல்ல வேண்டியது, "என் கணக்கில் கீழே இல்லை" என்பது மட்டும்தான். அதைத் தாண்டி, வேண்டினால் மாறாது என்று சொல்ல என் மீட்டர் பெட்டியில் எந்த முள்ளும் இல்லை. அது ஜியாலஜி இல்லை. டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசா 1670-இல் எழுதியது அது: இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக எதுவும் நடக்காது, ஏனென்றால் அந்த ஒழுங்கே கடவுளின் ஒழுங்கு. அவர் அதற்காக ஒரு முழு அத்தியாயம் வாதாடினார். நான் ரிக் சத்தத்துக்கு நடுவே ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டேன், அதுவும் வேண்டுதலோடு நின்ற ஒருவரிடம்.

சரி, நான் சொன்னது பக்திக்கு விரோதமா என்றால், அதுவும் இல்லை. யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. மனைவி கருவுற்றிருக்கும்போது ஆண் பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டுவது வீண் வேண்டுதல் என்கிறது அது. ஊருக்குள் நுழையும்போது அழுகுரல் கேட்டால், அது என் வீடாக இருக்கக் கூடாது என்று வேண்டுவதும் வீண். நடந்து முடிந்ததைப் பற்றி முறையிடக் கூடாது. இதைச் சொன்னவர்கள் தினமும் பிரார்த்தித்தவர்கள். பாறைக்குள் தண்ணீர் இருக்கட்டும் என்ற வேண்டுதலும் இந்த வகைதானே என்று நினைக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கும். அப்புறம் ஒன்று நினைவுக்கு வரும். அன்றைக்குக் காலையில் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "தண்ணி குடு சாமி" என்று வேண்டியவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு போருக்கும் வேண்டுகிறேன். மனசுக்குத் தைரியம் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்யவில்லை. கேட்டால் கொடுப்பார் என்று நம்பித்தான் கேட்கிறேன்.

ரிக் கிளம்பிய பிறகு ஆச்சி இன்னொன்றும் கேட்டார். "திருச்செந்தூர் நாழிக்கிணத்துல கடலுக்குப் பக்கத்துலயே நல்ல தண்ணி வருதே, அது எப்படி?" நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதன் மேல் மிதந்து நிற்கும், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்று குச்சியால் மண்ணில் படம் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். "நல்லாருக்கு தம்பி. ஆனா முருகன் வேலால குத்திக் குடுத்தார்ங்கிறது இதனால இல்லைன்னு ஆயிருமா?" என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி முதல் கேள்வி போல என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பாக்தாதில் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி 1095 வாக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். பஞ்சில் நெருப்புப் பட்டதும் எரிவதைப் பார்க்கிறோம். நெருப்புதான் எரித்தது என்பதை எங்கே பார்த்தோம்? இறைவன் வழக்கமாக அப்படிச் செய்கிறான், அவ்வளவுதான் என்றார். அப்படிப் பார்த்தால் 40 அடி கணக்கும் முருகன் வேலும் ஒன்றை ஒன்று முட்டாமல் இருக்க முடியும். ஆச்சிக்கு அது இயல்பாகவே வருகிறது. எனக்குப் புத்தகம் தேவைப்படுகிறது.

ஆச்சி ஊருக்குக் கொஞ்ச தூரத்தில்தான் மகிபாலன்பட்டி. கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் அதுதான் என்கிறார்கள். புறநானூறு 192-இன் முதல் வரியை எல்லாரும் சொல்கிறோம். எனக்கு அதன் பின்பாதிதான் வேண்டியிருக்கிறது. கல்லில் மோதி இரையும் பேராற்றில், நீர் போகும் வழியில் போகும் மிதவைபோல உயிர் 'முறைவழிப் படூஉம்' என்கிறார். அதைத் தெளிந்ததால் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று முடிக்கிறார். அந்த முறையை யாராவது வேண்டுதலால் மாற்றலாமா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முறை தெரிந்தவன் சிறியோரை இகழக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆச்சியை நான் இகழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. இருந்தாலும் "மனசுக்கு ஒரு தைரியம்தான்" என்ற சொல்லில், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்ற தொனி இருந்ததோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், இதற்கு மேல் மரியாதையாக எப்படிச் சொல்வது என்றும் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் எத்தனை அடியில் நிறுத்துவது என்பதைச் சூடம் ஏற்றும் முன்பே வீட்டுக்காரர்களிடம் பேசி எழுதி வாங்கிவிடுகிறேன். பணத் தகராறு வருவதில்லை, டிரில்லருக்கும் நிம்மதி. வேண்டுதலோடு நிற்பவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை. யாராவது கேட்டால் "வேண்டிக்கிட்டே நில்லுங்க" என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆனால் எதை நம்பி அப்படிச் சொல்கிறேன் என்று ஆச்சியைப் போல ஒருவர் திருப்பிக் கேட்டால், இன்றைக்கு கஸ்ஸாலி பக்கம் நின்று ஒரு பதில் சொல்வேன், நாளைக்கு ஸ்பினோசா பக்கம் நின்று வேறொன்று சொல்வேன். இரண்டில் எதைச் சொன்னாலும் அடுத்த போருக்குச் சூடம் காட்டும்போது கேட்கத்தான் போகிறேன்.